களிமண்ணும் ஒரு ஹோம் பேஜும்!

இந்த வாரம் ரெண்டு சின்ன டெஸ்ட். பேனா, பேப்பர் வேண்டாம். செல்போன் போதும்.

டெஸ்ட் நம்பர் ஒண்ணு: நெட்டுல 'மங்கலம்பேட்டை'ன்னு அடிச்சுத் தேடுங்க. கடலூர் மாவட்டம், விருத்தாசலம் வட்டம், பேரூராட்சி, மக்கள்தொகை, மேப்ல ஒரு புள்ளி... இதெல்லாம் டக்குன்னு கிடைச்சிடும். ஆனா காலைல விருத்தாசலம் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிக்குதே ஒரு கூட்டம், அது கிடைக்குதான்னு பாருங்க. அதுல கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்குப் போற ஸ்டூடன்ட் இருக்கலாம். செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போற அக்கா இருக்கலாம். அந்த அக்காவோட கை நாள் முழுக்க அங்கே என்ன செய்யுதுன்னு யாராவது எழுதியிருக்காங்களா? தேடிப் பாருங்க.

டெஸ்ட் நம்பர் ரெண்டு: 'செராமிக்'னு மட்டும் அடிங்க. உத்தரப் பிரதேசத்து குர்ஜா வரும், குஜராத்து மோர்பி வரும். குர்ஜான்னா கப்பு, சாசர், பூந்தொட்டி. மோர்பின்னா டைல்ஸ். ரெண்டுமே பெரிய ஊர்கள்தான், ஒத்துக்கலாம். ஆனா விருத்தாசலமும் செராமிக் ஊர்தானே? பீங்கானுக்குன்னே தொழிற்பேட்டை இருக்கு. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தர்றதுக்குன்னே அரசுப் பயிலகம் இருக்கு. கொலு பொம்மையிலேர்ந்து ஃப்யூஸ் கட்டை வரைக்கும் அங்கே சூளையிலேர்ந்து வெளியே வருது. நம்ம ஊர் பேர் எத்தனாவது பக்கத்துல வருதுன்னு பொறுமையா எண்ணுங்க.

கோயம்புத்தூர்ல ஒரு கடைக்காரருக்கு நவராத்திரிக்கு முன்னாடி ஐநூறு பீங்கான் பொம்மை வேணும்னு வைச்சுக்குவோம். அவர் போன்லதான் தேடுவார். தேடும்போது எது கண்ணுல படுதோ அங்கேதான் கால் போடுவார். கண்ணுல படாத கம்பெனி எவ்வளவு நல்லா பொம்மை செஞ்சாலும் நடுவுல இருக்கிற ஏஜென்ட் சொல்ற விலைக்குத்தான் குடுக்கணும். நஷ்டம் யாருக்கு? அந்த ஓனருக்கு மட்டுமில்லை, பஸ்ஸுல போன அந்த அக்காவோட கூலிக்கும்தான்.

'எனக்கும் ஒரு வெப்சைட் பண்ணணும்னு ஆசை. ஆனா எதைப் பத்திப் பண்றது?'ன்னு மண்டையைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வாரம். விஷயம் உங்க ஊர்லயே கொட்டிக் கிடக்கு பாஸ்!

கம்ப்யூட்டர் குரூப்பா? தேவையே இல்லை!

'நான் தமிழ் இலக்கியம் சார்', 'நான் கெமிஸ்ட்ரி மேஜர்', 'எங்களுக்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம்?'னு ஒதுங்கறவங்க கொஞ்சம் கிட்ட வாங்க. தமிழை இன்டர்நெட்டுல ஏத்தினவங்க யார் யார்னு பார்ப்போம்.

முதல்ல நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்க்காரர். தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர், பிறகு விரிவுரையாளர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர் கவிதைகளுக்காக நான்கு மொழிகளில் ஒரு வலைத்தளம் தொடங்கப்பட்டது. ஆங்கிலம், சீனம், மலாய் மூன்றுக்கும் வழி இருந்தது. தமிழை எப்படித் திரையில் காட்டுவது? அந்த வேலையில் இறங்கியவர் இவர்தான். கதை எழுதிய கையால் கணினியைப் பழகி, 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளையும் உருவாக்கினார். வலையில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கங்களில் அந்தக் கவிதைப் பக்கங்களும் உண்டு. நாம இன்னிக்கு சாதாரணமா சொல்ற 'இணையம்'கிற வார்த்தையே அவர் தந்ததுன்னு சொல்வாங்க. 1997-ல் தமிழ் இணையத்துக்கென்று ஒரு சர்வதேச மாநாட்டையும் சிங்கப்பூரில் கூட்டினார். 1999-ல் காலமானார்.

அடுத்தவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளர். ஆமாம், கெமிஸ்ட்ரிதான்! 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் அன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' அவர் முயற்சிதான். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வலையில் ஏற்றினார்கள். வரிசை எண் ஒன்று, திருக்குறள். சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஆளுக்கு ஒரு நாடு!

மூணாவது ஆள் இ. மயூரநாதன். இலங்கைத் தமிழர், தொழிலால் கட்டடக் கலைஞர். 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஆரம்ப நாட்களில் தோள் கொடுத்துத் தூக்கியவர். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார்.

ஒரு வாத்தியார், ஒரு வேதியியல்காரர், ஒரு கட்டடக்காரர். மூணு பேரும் 'முதல்ல கம்ப்யூட்டர் டிகிரி முடிச்சுட்டு வர்றேன்'னு கிளம்பலை. ஏத்தியே ஆகணும்கிற ஒரு விஷயம் கையில இருந்துச்சு. அதுக்குத் தேவைப்பட்ட அளவுக்கு கம்ப்யூட்டரைக் கத்துக்கிட்டாங்க. உங்களுக்கும் அதே ஆர்டர்தான்: முதல்ல விஷயம், அப்புறம் வெப்சைட்.

ஜே கே பி ஓ செமிகோலன்!

அது என்ன மந்திரம்னு பாக்குறீங்களா? அது 'தமிழ்'! பாமினிங்கிற எழுத்துருவுல 'தமிழ்'னு அடிச்சு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா இப்படி இங்கிலீஷ் எழுத்தாத்தான் தெரியும்.

2000-கள்ல நெட்டுல தமிழ் படிச்சவங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. ஒவ்வொரு பத்திரிகை சைட்டுக்கும் ஒரு எழுத்துரு. அதை டவுன்லோட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணி, அப்புறம்தான் நியூஸ். ஒரு சைட்டுல காப்பி பண்ணினதை இன்னொண்ணுல ஒட்டினா கட்டெறும்பு ஊர்ற மாதிரி ஏதோ வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்இணையம் 99' மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையையும் பொதுவான குறியீட்டு முறைகளையும் பரிந்துரைத்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 2010-ல் தமிழக அரசும் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது.

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னா, பழைய முறையில ஏத்தின பக்கங்கள் நிறைய இன்னிக்கு எழுத்துப் புதிரா நிக்குது. மாத்துறதுக்கு ஆள் இருந்த பக்கங்கள் பிழைச்சுது. மதுரைத் திட்டக்காரங்க தங்க நூல்களை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாத்தினாங்க. மாத்தாதவங்க பக்கத்துல எழுத்து இருக்கு, படிக்க முடியலை. அதனால ரூல் நம்பர் ஒண்ணு: உங்க பக்கத்துல ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யூனிகோடுல இருக்கணும். டி.டி.பி. சென்டர்லேர்ந்து மேட்டர் வாங்கினா அது எந்த எழுத்துருவுல இருக்குன்னு முதல்ல கேளுங்க. பழைய எழுத்துருவா இருந்தா யூனிகோடுக்கு மாத்திட்டு ஏத்துங்க.

எதை எழுதறது?

முதல் சைட்டுக்கு 'விருத்தாசலத்தின் முழு வரலாறு'ன்னு ஆரம்பிச்சா மூணாவது நாள் மூட்டை கட்டிடுவீங்க. ஒரே ஒரு விஷயம், அஞ்சே அஞ்சு பக்கம். கீழே மூணு ஐடியா. எது உங்களுக்கு ஒத்து வருதோ அதை எடுத்துக்குங்க.

ஐடியா ஒண்ணு: ஒரு பொம்மை எப்படிப் பிறக்குது? களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூணையும் தண்ணி விட்டு அரைச்சுக் கூழாக்குறது. அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துறது. அச்சு தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச உள்பக்கம் சுவர் மாதிரி மண் பிடிக்கும். வேணுங்கிற கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துடுறது. காய வைக்கிறது, ஓரம் சீவுறது, சூளையில வேக வைக்கிறது, கிளேஸ் பூசுறது, மறுபடி சூளை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போட்டோ, நாலு வரி. இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே 'ஏன் இந்த பொம்மை இந்த விலை?'ன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

ஐடியா ரெண்டு: தொழில் சொற்கள். இது தமிழ் படிக்கிறவங்களுக்கான வேட்டை. சூளையில அடுக்குறவர், அச்சு பிரிக்கிறவர், பெயின்ட் அடிக்கிற அக்கா... ஒவ்வொருத்தர் வாயிலயும் புத்தகத்துல இல்லாத வார்த்தைகள் இருக்கும். வளைஞ்சு போன பீஸுக்கு என்ன பேர்? அச்சுல ஒட்டிக்கிட்டு வராததுக்கு என்ன பேர்? வெடிச்சதுக்கு, நிறம் மாறினதுக்கு? ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போய் உட்காருங்க. ஐம்பது வார்த்தை சேர்ந்தா அது ஒரு அகராதி. அந்தப் பெரியவர் வேலையை விட்டு நின்னுட்டா அந்த வார்த்தைகளும் அவரோட போயிடும். அவசரம்னா இதுதான் அவசரம்.

ஐடியா மூணு: ஒரு கம்பெனிக்கு சைட். உங்க அப்பாவோ சித்தப்பாவோ சின்ன யூனிட் வைச்சிருந்தா இதுதான் பெஸ்ட். என்னென்ன பொருள், என்ன சைஸ், குறைஞ்சபட்சம் எத்தனை பீஸ் ஆர்டர் எடுப்பாங்க, உடையாம எப்படி பேக் பண்ணுவாங்க, எத்தனை நாள்ல கிடைக்கும். வாங்குறவருக்கு வேண்டியது இவ்வளவுதான். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' எல்லாம் வேண்டாம்.

பஸ் டைமிங், தக்காளி விலை மாதிரி தினம் மாறுற மேட்டரை முதல் சைட்டுல தொடாதீங்க. செமஸ்டர் எக்ஸாம் வந்ததும் அப்டேட் பண்ண மறந்துடுவீங்க. போன வருஷ டைமிங்கை நம்பி யாராவது பஸ் ஸ்டாண்டுல நின்னா, அதுக்கு சைட் இல்லாமலே இருந்திருக்கலாம்.

முக்கியமா ஒண்ணு: யாரை போட்டோ எடுத்தாலும் எதுக்கு எடுக்கறீங்க, எங்கே போடப் போறீங்கன்னு சொல்லிக் கேட்டுட்டு எடுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. கையை மட்டும் எடுத்தாலே போதும், அழகா இருக்கும். கிளேஸ் கலவைக் கணக்கு மாதிரி கம்பெனி ரகசியங்களையும் கேக்காம ஏத்தாதீங்க.

அச்சு, கிளேஸ், கரன்ட்!

ஓ.கே., மேட்டர் ரெடி. இப்ப பக்கம் கட்டுவோம். செராமிக் ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப ஈஸி.

வெப்பேஜுக்கு மூணு சமாச்சாரம். ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட். ஹெச்.டி.எம்.எல்.தான் பொம்மையோட உடம்பு. எது தலைப்பு, எது பாரா, எது படம்னு வடிவம் குடுக்குறது. சி.எஸ்.எஸ்.தான் மேலே பூசுற கிளேஸும் பெயின்ட்டும். ஜாவாஸ்கிரிப்ட், ஃப்யூஸ் கட்டைக்குள்ள ஓடுற கரன்ட் மாதிரி. பட்டனை அமுக்கினா ஏதாவது நடக்கணும்னா அது வேணும். முதல் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். உடம்புல விரிசல் இருந்தா எவ்வளவு கிளேஸ் பூசினாலும் சூளையில காட்டிக் குடுத்துடும்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான்.

காலேஜ் லேப்ல ஒரு கம்ப்யூட்டர், அதுல நோட்பேட். போதும். கணக்குல 'சிறியது', 'பெரியது'ன்னு ரெண்டு குறி படிச்சீங்களே, அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு எழுத்தோ வார்த்தையோ வந்தா அதுதான் டேக். ஹெச்1-னா பெரிய தலைப்பு. பி-னா பாரா. ஐ.எம்.ஜி.-ன்னா படம். ஏ-ன்னா லிங்க். பெரும்பாலான டேக்குகளைத் திறந்தா மூடணும், ஊறுகாய் ஜாடிக்கு மூடி போடற மாதிரி. மூடலைன்னா உள்ளே இருக்கறது வெளியே வழிஞ்சு பக்கம் முழுக்க பெரிய எழுத்தா நிக்கும். படத்துக்கு மட்டும் மூடி கிடையாது.

எப்படி எழுதறதுன்னு சந்தேகமா? எந்த வெப்சைட்டையாவது கம்ப்யூட்டர்ல திறந்து, கன்ட்ரோல் பட்டனோட யூ அமுக்குங்க. உள்ளே இருக்கற ஹெச்.டி.எம்.எல். அப்படியே தெரியும். பெரிய சைட்டுகள்ல தலை சுத்தும். சின்ன சைட்டா பாருங்க.

மேலே 'ஹெட்' பகுதியில மூணு வரி கட்டாயம். ஒண்ணு, எழுத்துமுறை யூ.டி.எஃப்-8-னு சொல்ற வரி. இது இல்லைன்னா தமிழ் புதிராயிடலாம். நோட்பேட்ல சேவ் பண்ணும்போதும் அதே யூ.டி.எஃப்-8 இருக்கான்னு பாருங்க. ரெண்டு, டைட்டில். தேடும்போது பெரும்பாலும் இதுதான் முதல்ல தெரியும். 'ஹோம்'னு போடாம, 'விருத்தாசலம் பீங்கான் பொம்மை: செய்முறை'ன்னு போடுங்க. மூணு, வியூபோர்ட் வரி. செல்போன்ல பக்கம் குட்டியா சுருங்காம இருக்க இதுதான் காரணம். உங்க சைட்டைப் பார்க்கப் போறவங்கள்ல பாதிக்கு மேல செல்போன்லதான் பார்ப்பாங்கன்னு நினைச்சே செய்யுங்க.

ஃபைலுக்குப் பேர் 'இண்டெக்ஸ்', பின்னாடி டாட் ஹெச்.டி.எம்.எல். சேவ் பண்ணி டபுள் கிளிக் பண்ணுங்க. பிரவுசர்ல உங்க பக்கம்! நெட் கனெக்‌ஷனே தேவையில்லை. அந்த நிமிஷம் ஒரு ஜிவ்வுன்னு இருக்கும் பாருங்க, அனுபவிங்க.

அப்புறம் கிளேஸ். பத்து வரி சி.எஸ்.எஸ். போதும். தமிழ் எழுத்துக்கு மேலயும் கீழயும் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் உண்டு. அதனால வரிக்கு வரி இடைவெளி இங்கிலீஷை விடக் கொஞ்சம் தாராளமா, 1.6, 1.7-னு வைங்க. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஓடுற எழுத்து, மினுக்குற எழுத்து, தானாப் பாடுற பாட்டு... இதெல்லாம் 2000-கள்லயே போதும்னு ஆயிடுச்சு!

போட்டோவுல ஒரு விஷயம். செல்போன்ல எடுத்தா ஒரு படம் நாலஞ்சு எம்.பி. இருக்கும். பத்து படம் அப்படியே போட்டா, சிக்னல் இல்லாத இடத்துல பார்க்கறவர் பாதியிலேயே போயிடுவார். அகலத்தைச் சுருக்கி, ஒவ்வொண்ணும் 200 கே.பி.க்குள்ள கொண்டு வாங்க. படத்துல என்ன இருக்குன்னு சொல்ற 'ஆல்ட்' வரியும் எழுதுங்க. பார்வையில்லாதவங்க கம்ப்யூட்டர் அதைத்தான் படிச்சுக் காட்டும்.

எங்கே ஏத்தறது?

பழகிப் பார்க்கிற சைட்டுக்குக் காசு செலவு பண்ணாதீங்க. கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடங்கள் இருக்கு. ஒரு அக்கவுன்ட் திறந்து ஃபைல்களைப் போட்டா, உங்க பேர்ல ஒரு முகவரியோட சைட் ரெடி. இலவச அக்கவுன்ட்ல நீங்க போடற ஃபைலையெல்லாம் யார் வேணா பார்க்கலாம்கிறதை மறக்காதீங்க. அப்பா கம்பெனி வியாபாரத்துக்குன்னா இது சரிப்படாது, அவங்க விதியே அதை அனுமதிக்கலை. அதுக்குன்னு கட்டண ஹோஸ்டிங் வாங்கிடுங்க.

ஏத்தினதும் 'வீட்டுல தெரிஞ்ச படம் நெட்டுல தெரியலையே!'ன்னு ஒரு அலறல் வரும். ரெண்டே காரணம்தான் பெரும்பாலும். ஒண்ணு, படத்தோட முகவரியில உங்க கம்ப்யூட்டரோட 'சி டிரைவ்' இருக்கும். உலகத்துக்கு உங்க சி டிரைவ் எப்படித் தெரியும்? ரெண்டு, ஃபைல் பேர்ல கேபிடல் லெட்டர். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு பார்க்காது. நெட்டுல இருக்கற சர்வர்கள் பலதும் லினக்ஸ், அது கறாரா பார்க்கும். எல்லாப் பேரும் சின்ன எழுத்துல, நடுவுல இடம் விடாம வைச்சுட்டா தொல்லை இல்லை.

சொந்த டொமைன் வாங்குறதா இருந்தா முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்கிடாதீங்க. ரெண்டாவது வருஷ ரினியூவல் எவ்வளவுன்னு பார்த்துட்டு வாங்குங்க. ஒரு முக்கிய எச்சரிக்கை: டொமைன் யார் சைட்டோ அவங்க பேர்லயும், அவங்க இ-மெயில்லயும் பதிவாகணும். 'நான் பார்த்துக்கறேன்'னு டிசைனர் தன் பேர்ல எடுத்துட்டா, நாளைக்கு அவர் ஊரை விட்டுப் போனாலோ போனை எடுக்கலைன்னாலோ பேனர்லயும் விசிட்டிங் கார்டுலயும் அச்சடிச்ச முகவரி உங்களுக்குச் சொந்தமில்லை. நீங்க சித்தப்பாவுக்கு சைட் பண்ணிக் குடுத்தாலும் சரி, சாவி அவர் கையில இருக்கட்டும். பாஸ்வேர்டு, ரினியூவல் தேதி ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதி அவர்கிட்டயே குடுத்துடுங்க.

காப்பி இருக்கா?

'எதுக்கு இவ்வளவு கஷ்டம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ் திறந்தா போதாதா?' நல்ல கேள்வி. பேஜும் திறங்க, தப்பில்லை. ஆனா அது வாடகை வீடு.

1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், சாதாரண மக்கள் இலவசமா சொந்தப் பக்கம் போட்ட இடம். பல பேருடைய முதல் ஹோம் பேஜ் அங்கேதான் இருந்தது. 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில், ஜப்பான் தவிர மற்ற எல்லா இடங்களிலும் மூடியது. ஆர்வலர்கள் ராத்திரி பகலா உட்கார்ந்து ஒரு பகுதியைக் காப்பி எடுத்தாங்க, மத்தது போச்சு. நம்ம ஊர்ல எல்லாரும் குடியிருந்த ஆர்குட்டை 2014 செப்டம்பரில் கூகுள் மூடியது. அதுல 'எங்க ஊர்'னு குரூப் வைச்சுக் கொட்டின கதைகள் இப்ப எங்கே?

வீட்டுக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. உலகத்தின் முதல் வெப்சைட்டையே எடுத்துக்குங்க. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி, 1991-ல் வெளியுலகத்துக்குச் சொன்னது. படம் கிடையாது, கலர் கிடையாது, எழுத்தும் லிங்க்கும்தான். அந்த சர்வர் ஓடிய கணினியில் 'இதை அணைக்காதீர்கள்' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்! அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தும், அந்தப் பக்கம் முதல் நாள் இருந்த வடிவத்தை யாரும் எடுத்து வைக்கலை. 2013-ல் பழைய பிரதியைத் தேடி எடுத்துத்தான் செர்ன் மறுபடி பழைய முகவரியில் ஏற்றியது. அவங்களுக்கே இந்தக் கதின்னா நாம?

அதனால, ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவ்ல காப்பி, ஃப்ரெண்ட் லேப்டாப்ல ஒரு காப்பி. இன்டர்நெட் ஆர்க்கைவோட 'வேபேக் மெஷின்'ல உங்க முகவரியைக் குடுத்து ஒரு பிரதி சேவ் பண்ணுங்க. அஞ்சு நிமிஷ வேலை, பைசா செலவில்லை. சொந்தமா ஹெச்.டி.எம்.எல். எழுதுறதுல இருக்கற லாபம் இதுதான். ஒரு கடை மூடினா, ஃபோல்டரைத் தூக்கிக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடலாம்.

ஏ.ஐ.கிட்ட சொன்னா?

கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு குரல் கேக்குது: 'ஏ.ஐ.கிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல சைட் ரெடி!' உண்மைதான். டேக் எங்கே மூடலை, படம் ஏன் தெரியலைன்னு கேக்க அது நல்ல துணை. தாராளமா கேளுங்க. ஆனா 'விருத்தாசலம் பீங்கான் பத்தி எழுது'ன்னு சொல்லிப் பாருங்க. 'பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும்...'னு ஆரம்பிக்கும். விருத்தாசலத்தை எடுத்துட்டு எந்த ஊர் பேரைப் போட்டாலும் பொருந்தும். அச்சுல ஒட்டிக்கிட்டு வராத பொம்மைக்கு அங்கே என்ன பேர்னு கேளுங்க. யாரும் இதுவரை எழுதி வைக்கலைன்னா அதுக்கு எப்படித் தெரியும்? தெரியாட்டியும் அழகா ஒண்ணை அடிச்சு விடும், ஜாக்கிரதை! அந்த வார்த்தை பஸ்ஸுல உங்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கு. நீங்க ஏத்தினாத்தான் நாளைக்கு ஏ.ஐ.க்கும் தெரியும், கோயம்புத்தூர் கடைக்காரருக்கும் தெரியும்.

இந்த வார ஹோம்வொர்க்

வேலை செய்யுற ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் பேசுங்க. பத்து தொழில் வார்த்தை, அர்த்தத்தோட எழுதிக்கிட்டு வாங்க. நாலு போட்டோ, கேட்டுட்டு எடுங்க. ஒரே ஒரு பக்கம், ஒரு தலைப்பு, அந்தப் பத்து வார்த்தை, நாலு படம். அடியில கடைசியாத் திருத்தின தேதி. ஏத்தறதுக்கு முன்னாடி, சொன்னவர்கிட்டயே போன்ல காட்டி 'சரியா எழுதியிருக்கேனாண்ணே?'ன்னு கேளுங்க. அவர் ரெண்டு தப்பு சொல்வார். திருத்துங்க. மூணாவதா ஒரு புது வார்த்தையும் சொல்வார், அதையும் சேர்த்துக்குங்க!

சூளை மாதிரிதான் இதுவும். முதல் ஈடுல நாலு பீஸ் உடையும். அதுக்காக யாரும் நெருப்பை அணைக்கிறதில்லை.

அடுத்த வாரம்: பக்கத்தைத் தேடுபொறி கண்ணுல காட்டுறது எப்படி? அதுவரைக்கும்... டேக்கை மூட மறக்காதீங்க!